பொதி மீளாய்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெபியன், ஃபெடோரா போன்ற கட்டற்ற இயங்குதளங்களுக்குள் புதிய பொதி (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள்) ஒன்று நுழைவதற்கு முன் நடக்கும் மீளாய்வு பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம்.

கேள்வி: யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பைதனில் ஒரு நிரல் எழுதியிருக்கிறோம். நன்றாக வேலை செய்கிறது. டெபியனில் சேர்க்க முயன்றபோது ‘உரிமம் சரியில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. என்ன பிழை என்று விளங்கவில்லை. கோப்புகளின் பட்டியலை இணைத்திருக்கிறோம்.
– வாசகர், கல்லடி

பதில்: நிரல் வேலை செய்கிறதா என்பது மீளாய்வாளரின் முதல் கேள்வி அல்ல. டார் கோப்புக்குள் (மூலநிரலை ஒன்றாகக் கட்டிய கோப்பு) இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் எவரும் பிரதி எடுக்கலாமா, மாற்றலாமா, மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாமா, விற்கலாமா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். 1997இல் டெபியன் ஏற்றுக்கொண்ட கட்டற்ற மென்பொருள் வழிகாட்டி நெறிகள்தான் இதற்கு அளவுகோல். ஒரு கோப்பு இடித்தாலும் பொதி முழுவதும் நின்றுவிடும். உங்கள் பட்டியலில் நான்கு இடங்கள் இடிக்கின்றன.

முதலாவது, உரிமக் கோப்பே இல்லை. ரீட்மீயில் ‘இலவசம், எவரும் பாவிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது உரிமம் ஆகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி கணினி நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு. எழுதிய கணத்திலேயே அது வந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை. ஆகவே நீங்கள் வெளிப்படையாகக் கொடுக்காத அனுமதி எதுவும் மற்றவருக்குக் கிடையாது. ‘பாவிக்கலாம்’ என்பதற்குள் மாற்றும் உரிமையும் விற்கும் உரிமையும் அடங்காது. மூன்று பேரும் உடன்பட்டு ஜிபிஎல் 3 அல்லது எம்ஐடி போன்ற ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அதன் முழு வாசகத்தையும் தனிக் கோப்பாகப் போடுங்கள். ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் ஆண்டு, பெயர்கள், உரிமம் மூன்றையும் எழுதுங்கள். பைதன் அமைப்புக் கோப்பில் ஓர் உரிமமும் உரிமக் கோப்பில் இன்னொன்றுமாக இருப்பது அடிக்கடி காணும் பிழை. ‘ஜிபிஎல் 3 மட்டும்’ என்பதும் ‘ஜிபிஎல் 3 அல்லது பிந்திய பதிப்பு’ என்பதும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, முன்தோற்றம் காட்டுவதற்காக எழுத்துருக் கோப்பையும் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அதனோடு உரிம வாசகம் எதுவும் இல்லை. எடுத்துவிடுங்கள். மாற்றுவதற்கு எழுத்துரு தேவையே இல்லை, எழுத்துக் குறிகளின் அட்டவணை இருந்தால் போதும்.

அந்த அட்டவணைதான் மூன்றாவது சிக்கல். ‘கல்வித் தேவைக்கு மட்டும்’ என்று போட்டிருந்த ஓர் இணையதளத்திலிருந்து அப்படியே எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்தத் துறையில் பாவிப்பவரையும் விலக்கக்கூடாது என்பது ஆறாவது நெறி. ‘பாடசாலைக்கு மட்டும்’, ‘வணிகத்துக்கு அல்ல’ எல்லாம் அங்கே விழுந்துவிடும். தளக்காரரிடம் கேட்டு ‘டெபியனுக்கு மாத்திரம் அனுமதிக்கிறேன்’ என்று கடிதம் வாங்கினாலும் சரிவராது, ஏனென்றால் உரிமம் டெபியனுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது என்கிறது எட்டாவது நெறி. இரண்டு வழிகள் இருக்கின்றன. அவர் பொதுவான கட்டற்ற உரிமம் ஒன்றை அறிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் விசைப்பலகையைப் பார்த்து நீங்களே புதிதாக ஓர் அட்டவணை எழுதவேண்டும். ஒரு மாலை வேலைதான். இரண்டாவது வழியைத்தான் நாங்கள் சொல்வோம்.

நான்காவது, இணையப் பக்க இடைமுகத்துக்காகச் சுருக்கப்பட்ட ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகக் கோப்பு ஒன்று. உரிமம் எம்ஐடிதான், அதில் குற்றமில்லை. ஆனால் ஒரே வரியாகச் சுருக்கிய ஜாவாஸ்கிரிப்டை மனிதர் வாசித்து மாற்ற முடியாது என்பதால் அதை மூலநிரலாக ஏற்கமாட்டார்கள். டெபியனிலேயே ஜேகுவெரி தனிப் பொதியாக இருக்கிறது. அதைச் சார்பாக (உங்கள் பொதிக்குத் தேவையான வேறு பொதியாக) எழுதி, உங்கள் கோப்பு இருந்த இடத்தில் இணைப்பு ஒன்றைக் கொடுங்கள். பொதியின் டெபியன் கோப்புறையில் இருக்கும் காப்பிரைட் கோப்பின் ‘ஃபைல்ஸ் எக்ஸ்குளூடட்’ வரியில் பழைய கோப்பின் பெயரைப் போட்டால், யூஸ்கான் என்ற கருவி மூல டாரை இறக்கும்போது அதை நீக்கி மறுபடி கட்டித் தரும். அப்படிக் கட்டியதன் பதிப்பு எண்ணோடு ‘+டிஎஃப்எஸ்ஜி’ (மேற்சொன்ன நெறிகளின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற வாலைச் சேர்ப்பது வழக்கம். உங்கள் சொந்த நிரல்தானே, அடுத்த வெளியீட்டிலேயே நீக்கிவிட்டால் இந்தச் சுற்று தேவைப்படாது.

இவற்றைத் திருத்திய பின் மூலக் கோப்புறையில் உரிமங்களைத் தேடும் லைசன்ஸ்செக் கருவியை உட்கோப்புறைகளோடு சேர்த்து ஓட்டுங்கள். பிறகு ‘காப்பிரைட்’ என்ற சொல்லை கிரெப் என்ற தேடற் கட்டளையால் தேடுங்கள். லைசன்ஸ்செக் வழமையாகக் கோப்பின் தலைப்பகுதியையும் கடைப்பகுதியையும்தான் பார்க்கும். நடுவில் ‘இந்தச் செயற்கூறு இன்னாரிடமிருந்து எடுத்தது’ என்று எழுதியிருப்பது கிரெப்பில்தான் அகப்படும். கிடைத்த ஒவ்வொரு உரிமையாளரின் பெயரும் டெபியன் கோப்புறையில் உள்ள காப்பிரைட் கோப்பில் வரவேண்டும். ஜிபிஎல் முழு வாசகத்தை அங்கே ஒட்டத் தேவையில்லை, பொது உரிமங்கள் இருக்கும் கோப்புறையைச் சுட்டினால் போதும். எம்ஐடி வாசகத்தை முழுவதும் எழுதியே ஆகவேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் கிடக்கும். ‘கொ’ என்றால் ஒற்றைக்கொம்பு, க, அரவு என்று மூன்று விசைகள். யூனிகோடில் க முதலில் வந்து அதன் பின்னால் ஒரே குறி வரும். இது எல்லோரும் கவனிக்கும் இடம், உங்கள் நிரலும் சரியாகச் செய்கிறது. ஔகாரத்தில்தான் சறுக்குகிறது. பாமினியில் ‘கௌரி’ என்பதும் ‘கெளிறு’ என்ற மீன் பெயரும் கொம்பு, க, ள என்ற அதே மூன்று விசைகளில்தான் தொடங்கும். உங்கள் விதி அந்த மூன்றையும் கண்ட இடமெல்லாம் ‘கௌ’ ஆக்குகிறது. அதனால் கெளிற்றின் விசிறி தொங்க இடமில்லாமல் புள்ளிவட்டத்தோடு நிற்கிறது. ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அதை மெய்யாக விட்டுவிடுங்கள். அதன் பிறகும் ‘தெளவு’ போல குறி எதுவும் தொடராத இடங்களில் ஐயம் மிஞ்சும், அதற்கு விலக்குச் சொற்பட்டியல் ஒன்று வேண்டும். இந்தச் சொற்களையே தானியங்கிச் சோதனையாக எழுதி டெபியன் கோப்புறையின் டெஸ்ட்ஸ் பகுதியில் வையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத மீளாய்வாளருக்குக்கூட மாற்றம் சரியா பிழையா என்று கணினியே சொல்லிவிடும். தமிழ்ப் பொதிகளில் இப்படிப்பட்ட சோதனை இல்லாமல் வருபவைதான் அதிகம். அது எங்களுக்கு மெய்யாகவே கவலை தரும் விடயம்.

கேள்வி: என் மடிக்கணினியில் பொதி ஒழுங்காக பில்ட் ஆகிறது (மூலநிரலிலிருந்து கட்டப்படுகிறது). எஸ்பில்டில் போட்டால் சோதனைகள் மூன்று தோற்கின்றன: ஒன்று நேரம், ஒன்று அகரவரிசை, ஒன்று அமைப்புக் கோப்பை எழுத முடியவில்லை என்கிறது. அதோடு ஒவ்வொரு முறையும் டேட்டா கரைகிறது.
– வாசகி, சம்மாந்துறை

பதில்: எஸ்பில்ட் வெறும் அடிப்படை முறைமையை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் பில்ட் சார்புகளில் எழுதியவற்றை மாத்திரம் நிறுவி, அதற்குள் பொதியைக் கட்டுகிறது. உங்கள் மடிக்கணினியில் ஏற்கெனவே கிடக்கும் எதுவும் அங்கே இருக்காது. தோல்விகள் மூன்றும் அதனால்தான்.

நேரச் சோதனை கொழும்பு நேரத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கும். பில்ட் இயந்திரங்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், ஐந்தரை மணித்தியால வித்தியாசம். சோதனைக்குள்ளேயே நேர வலயத்தைக் குறிப்பிடுங்கள். வலயத் தரவுப் பொதியையும் சார்பில் சேருங்கள். அகரவரிசை தோற்பது, தமிழ்–இலங்கை லொக்கேல் (மொழி, நாட்டு அமைப்பு) அங்கே உருவாக்கப்படாததால். லொக்கேல்ஸ் ஆல் என்ற பொதியைப் பில்ட் சார்பாகச் சேர்த்து, சோதனை ஓடும் கட்டளைக்கு மட்டும் அந்த லொக்கேலைக் கொடுங்கள். பில்ட் முழுவதற்கும் கொடுத்தால் கம்பைலரின் பிழைச் செய்திகள்வரை மொழி மாறலாம், பதிவை வாசிப்பவர் சிரமப்படுவார். மூன்றாவது, எஸ்பில்ட் வேண்டுமென்றே இல்லாத ஒரு கோப்புறையை வீட்டுக் கோப்புறையாகக் காட்டுகிறது. பில்ட் நேரத்தில் வீட்டுக் கோப்புறைக்குள் எழுதுவது பிழை என்பதைப் பிடிப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சோதனை ஓடும்போது தற்காலிகக் கோப்புறை ஒன்றை வீடாகக் கொடுங்கள்.

தோற்கும் சோதனைகளை ‘தவிர்’ என்று குறித்துவிட்டு மேலே போகிறவர்களும் இருக்கிறார்கள். காரணத்தை எழுதாமல் தவிர்த்த சோதனையைக் கண்டால் நல்ல மீளாய்வாளர் அங்கேயே நிற்பார்.

டேட்டாவுக்கு ஆப்ட் கேச்சர் என்ஜி என்ற சேவையை அதே கணினியில் நிறுவுங்கள். 3142ஆம் போர்ட்டில் ஓடும். எஸ்பில்டுக்குள் பொதிகளை இறக்கும் ஆப்ட் கருவியின் அமைப்பில் அதை ப்ராக்ஸியாக (இடைச் சேவையாக) கொடுத்தால், ஒருமுறை இறங்கிய பொதி மறுமுறை வட்டிலிருந்து வரும். ஒரே வலையமைப்பில் நாலைந்து பேர் வேலை செய்தால் ஒருவருடைய கணினியில் நிறுவிவிட்டு மற்றவர்கள் அதைச் சுட்டலாம்.

கேள்வி: எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளுக்குள் பின்கதவு (இரகசிய நுழைவழி) வைக்கப்பட்ட விவகாரத்துக்குப் பிறகு ஒரு மீளாய்வாளர் மூல டார் கோப்பை எப்படிச் சரிபார்க்கவேண்டும்? வெளியிட்டவரின் மின்கையொப்பம் சரியாக இருந்தால் போதாதா?
– மாணவர், ஒலுவில்

பதில்: போதாது. நடந்ததைப் பார்த்தாலே காரணம் தெரியும். எக்ஸ்இசட் யூடில்ஸின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் 2024 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்தன. வெளியிட்டவர் ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் பங்களித்து, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகவே ஆகியிருந்தவர். கையொப்பம் யார் வெளியிட்டார் என்பதைச் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. வெளியிடும் ஆளே வஞ்சகம் செய்தால் கையொப்பம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

தீங்கான நிரல் இரண்டு துண்டுகளாக ஒளிந்திருந்தது. பெரிய துண்டு, சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில் கிட் சேமிப்பகத்துக்குள்ளேயே (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் இடம்) இருந்தது. பழுதான கோப்பை நிரல் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கும் சோதனைத் தரவு என்று சொன்னால் அதற்குள் யார் எட்டிப் பார்ப்பார்கள்? அதை எடுத்து உயிரூட்டும் சிறிய துண்டு, ‘பில்ட் டு ஹோஸ்ட்’ என்ற எம்4 கோப்பில் (பில்டுக்கான கட்டளைகளை உருவாக்கும் வார்ப்பு) இருந்தது. மாற்றப்பட்ட அந்தக் கோப்பு கிட்டில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் மட்டும் இருந்தது. 64 பிட் இன்டெல் வகை லினக்ஸில், டெப் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டும்போதுதான் விழித்துக்கொள்ளும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச், எக்ஸ்இசட்டின் நூலகத்தை நேரடியாகப் பாவிப்பதில்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியோடு பேசுவதற்காகச் சேர்த்த ஒட்டுவேலை வழியாகத்தான் அது எஸ்எஸ்எச் சேவைக்குள் வந்தது. உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதை ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்து 2024 மார்ச் 29இல் அறிவித்தார். சிவிஈ-2024-3094 என்பது அதன் எண். டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது போய்ச் சேரவில்லை.

ஆகவே செய்யவேண்டியது இது. டார் கோப்பை ஒரு கோப்புறையில் விரியுங்கள். அதே பதிப்பின் கிட் குறியை (சேமிப்பகத்தில் அந்தப் பதிப்பைச் சுட்டும் அடையாளம்) இன்னொன்றில் எடுங்கள். இரண்டையும் டிஃப் என்ற ஒப்பீட்டுக் கட்டளையால் முழுவதும் ஒப்பிடுங்கள். பில்ட் அமைப்பை உருவாக்கும் ஆட்டோகொன்ஃப் கருவியைப் பாவிக்கும் திட்டமென்றால் கொன்ஃபிகர் நிரல், மேக் வார்ப்புக் கோப்புகள், எம்4 கோப்புகள் டாரில் மட்டும் கூடுதலாக இருக்கும். அது இயல்பு, ஆனால் பட்டியல் அதோடு முடியவேண்டும். கொன்ஃபிகர் நிரல் பல்லாயிரம் வரி வரும், அதை வாசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. டெபியனில் இப்போது பில்டின்போது அதை வழமையாகவே மறுபடி உருவாக்குகிறார்கள். எம்4 கோப்புகள்தான் அந்த மறுஉருவாக்கத்தின் மூலப்பொருள் என்பதால் அவற்றைக் கட்டாயம் பாருங்கள். எம்4 நஞ்சாக இருந்தால் மறுபடி உருவாக்கிய கொன்ஃபிகரும் நஞ்சுதான். ஒவ்வொன்றையும் க்னூலிப் என்ற பொது நிரல் தொகுப்பு அல்லது அது வந்த திட்டத்தின் அசலோடு ஒப்பிடலாம்.

இதைவிட நேரான வழி, வெளியீட்டு டாரை விட்டுவிட்டு கிட் குறியிலிருந்தே மூலத்தை எடுப்பது. யூஸ்கான் அதற்கு இடம் தருகிறது. புதிதாகப் பொதி செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறோம். அப்போதும் சோதனைத் தரவுக் கோப்புகள் மிஞ்சும். எப்படி உருவாக்கினார்கள் என்ற குறிப்பு அவற்றோடு இருக்கிறதா? சோதனை தவிர பில்ட் கட்டளைகளும் அவற்றைத் தொடுகின்றனவா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று வரிவரியாக வாசிக்கவேண்டும்.

கேள்வி: நான் வரைந்த தமிழ் எழுத்துரு ஒன்றை எல்லா லினக்ஸிலும் கிடைக்கச் செய்ய விரும்புகிறேன். மீளாய்வில் என்ன பார்ப்பார்கள்?
– ஓவிய ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் 1.1ஐப் போடுங்கள், டெபியனும் ஃபெடோராவும் அதை ஏற்கின்றன. பெயரைக் காக்க விரும்பினால் ஒதுக்கப்பட்ட பெயராக அறிவிக்கலாம், ஆனால் உங்கள் எழுத்துருவில் ஒரு வளைவைத் திருத்துகிறவரும் வேறு பெயர்தான் வைக்கவேண்டிவரும். முடிந்த டிடிஎஃப் கோப்பை மட்டும் கொடுக்காமல் ஃபொன்ட்ஃபோர்ஜ் அல்லது யூஎஃப்ஓ மூலத்தையும் அதைக் கட்டும் கட்டளையையும் சேர்த்துக் கொடுங்கள்.

பலர் தவறவிடும் ஓர் இடம்: எழுத்துருவின் ஓஎஸ்/2 அட்டவணையில் ஆவணங்களில் பதிக்கும் அனுமதியைக் குறிக்கும் எண் இருக்கும். வரையும் மென்பொருள் அதில் தானாகவே ‘தடை’ என்று போட்டிருக்கலாம். உரிமம் ‘தாராளம்’ என்க, கோப்பு ‘கூடாது’ என்றால் டெபியனின் சோதனைக் கருவியான லிண்டியன் எச்சரிக்கும். பூச்சியமாக மாற்றிவிடுங்கள்.

எழுத்துகளை, எழுத்துக்கோப்பு நூலகமான ஹார்ஃப்பஸ்ஸின் பார்வைக் கருவியில் ஓட்டிப் பாருங்கள். ‘கொ’ என்பது ஒரே உயிர்க்குறியாகவும் வரலாம், கொம்பும் அரவும் தனித்தனியாகவும் வரலாம். இரண்டும் ஒரேபோல் தெரியவேண்டும். ‘ஸ்ரீ’யை ஸகரத்தோடும் தட்டுவார்கள், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடும் தட்டுவார்கள். இரண்டுக்கும் கூட்டெழுத்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு நிரல் எழுத வராது. ஆனால் லினக்ஸ் பல வருடமாகப் பாவிக்கிறேன், ஆங்கிலம் வாசிப்பேன். மற்றவர்களின் பொதியை நான் மீளாய்வு செய்யலாமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: செய்யுங்கள், ஆட்கள் மிகவும் தேவை. ஃபெடோராவில் இறுதி ஒப்புதல் கொடுக்கப் பொதியாளர் குழுவில் இருக்கவேண்டும். ஆனால் முறைசாரா மீளாய்வை எவரும் எழுதலாம். பின்னர் நீங்களே பொதியாளராகச் சேர ஸ்பொன்சர் (உங்களுக்குப் பொறுப்பேற்கும் பொதியாளர்) தேடும்போது இந்த மீளாய்வுகளைத்தான் அவர்கள் கேட்டுப் பார்ப்பார்கள்.

ஃபெடோரா ரிவியூ என்ற கருவியை நிறுவி, மீளாய்வுக்காகக் காத்திருக்கும் விண்ணப்பத்தின் பக்சில்லா (வழுப் பதிவுத் தளம்) எண்ணைக் கொடுங்கள். அது ஸ்பெக் கோப்பையும் (பொதி கட்டும் குறிப்பு) மூலப் பொதியையும் இறக்கி, மொக் என்ற தனிச் சூழலில் பில்ட் செய்து, மூல டாரின் சரிபார்ப்புத் தொகையை மூலத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, பிழை தேடும் ஆர்பிஎம்லிண்டை ஓட்டி, நீண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தரும். கருவியால் தீர்மானிக்க முடியாத பெட்டிகள் வெறுமையாக இருக்கும். உங்கள் வேலை அங்கேதான். நிரப்பாத பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டுப் போவதால் எவருக்கும் பயனில்லை.

உரிம வரியை மூலக் கோப்புகளோடு ஒப்பிடுங்கள், 2022 முதல் அங்கே எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது உரிமக் குறியீடுகளில்தான் எழுதவேண்டும். பொதி உருவாக்கும் கோப்புறைகள் எல்லாம் ஃபைல்ஸ் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள், விடுபட்டால் பொதியை நீக்கிய பின்னும் வெறும் கோப்புறை வட்டில் கிடக்கும். வேறொரு நூலகத்தை உள்ளேயே பொதிந்து வைத்திருந்தால் அதை ‘பண்டில்ட்’ என்று அறிவித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த நூலகத்தில் பாதுகாப்புக் குறை வரும் நாளில் இந்தப் பொதி எவர் கண்ணிலும் படாது. தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் மொழிக் கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் லாங் மாக்ரோ மூலம் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிறகு நிறுவி, மெனுக்களைத் தமிழில் திறந்து, எழுத்து வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசி வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் அங்கே அரிது.

உரிமத்தில் சட்டச் சந்தேகம் வந்தால் நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாமல் எஃப்ஈ லீகல் என்ற கண்காணிப்பு வழுவோடு விண்ணப்பத்தை இணைக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: டெபியனில் பொதி செய்யப்போவதாக ஐடிபி அறிவித்து, ஸ்பொன்சர் பதிவேற்றியும் விட்டார். எப்போது உள்ளே வரும்?
– வாசகர், ஏறாவூர்

பதில்: இப்போது அது ‘நியூ’ வரிசையில் நிற்கிறது. டெபியன் களஞ்சியத்தைக் காக்கும் எஃப்டிபி குழுவினர் கையால் பார்த்துத்தான் விடுவார்கள். சில நாளும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். திருப்பி அனுப்பினால் காரணம் எழுதியிருக்கும், திருத்தி மறுபடி ஏற்றலாம். இந்த வரிசைக்குப் பைனரியும் (கட்டி முடித்த பொதி) சேர்த்துத்தான் பதிவேற்றியிருப்பீர்கள். பொதி அன்ஸ்டேபிள் என்ற முதற் பிரிவுக்குள் வந்த பின் மூலத்தை மட்டும் கொண்ட பதிவேற்றம் ஒன்று கட்டாயம் செய்யவேண்டும். பில்ட் இயந்திரங்களில் கட்டப்படாத பைனரி அடுத்த பிரிவான டெஸ்டிங்குக்குப் போகாது. பலர் இதை மறந்துவிட்டு ஏன் நகரவில்லை என்று காத்திருக்கிறார்கள். அதன் பிறகு அவசர நிலை ‘மீடியம்’ என்றால் 5 நாள், ‘லோ’ என்றால் 10 நாள், இடையில் கடுமையான வழு எதுவும் வராதிருந்தால். பின்னொரு நாள் இதே மூலத்திலிருந்து புதுப் பெயரில் இன்னொரு பைனரிப் பொதி பிரித்தால், அந்தப் பதிவேற்றம் மறுபடியும் நியூ வரிசையில்தான் போய் நிற்கும்.